வார்டு கவுன்சிலருக்கு நிக்கப் போறேன், மழை அடிச்ச ஊர்ல எதை முதல்ல கையில எடுக்குறது?

கேள்வி: அண்ணே வணக்கம். ராமேஸ்வரம் நகராட்சில வடகடல் பக்கம் ஒரு மீனவர் தெரு எங்களுது. வீட்டுக்காரர் நாட்டுப்படகுல போறாரு, நான் மகளிர் குழு தலைவியா இருக்கேன். 2024 நவம்பர் 20 அன்னைக்கு பெஞ்ச மழைல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, வடிய மூணு நாள் ஆச்சு. டிட்வா புயலப்பவும் தண்ணிதான். வர்ற நகராட்சித் தேர்தல்ல என்னைய சுயேச்சையா நிக்கச் சொல்றாங்க, நோட்டீஸ் அடிக்கணும். நாங்க எழுதி வச்சிருக்கது: கரை அரிக்காம இருக்க கடல்ல கல்லு கொட்டுற தூண்டில் வளைவு, எல்லாருக்கும் காங்கிரீட் வீடு, விட்டுப்போன நிவாரணம் வாங்கித் தர்றது, தெருவெல்லாம் சிமெண்ட் ரோடு, ஹைமாஸ் லைட்டு, சமுதாயக் கூடம். எதை மேல போடலாம், எதை எடுத்துறலாம்? நீங்க நகராட்சில இன்ஜினியரா இருந்தவர்ங்கறதால கேக்குறேன்.

பதில்:

தங்கச்சி, மூணு நாள் தண்ணி நின்னுச்சுன்னு மேல நீங்களே எழுதிருக்கீங்க, கீழ இருக்குற ஆறு விஷயத்துல அந்தத் தண்ணி எப்படி வடியும்னு ஒரு வரி கூட இல்லையேம்மா. உங்களைக் குறை சொல்லல, மழை அடிச்ச எல்லா ஊர்லயும் இதுதான் நடக்குது, தண்ணி வடிஞ்ச மறுநாளே வாறுகாலை, அதான் மழைத்தண்ணி வடியுற சாக்கடையை, மறந்துட்டு சுவரு, வீடு, ரோடுன்னு போயிருவோம். என்னைக் கேட்டா உங்க நோட்டீஸ்ல முதல் வரி வாறுகால்தான். தெருக்காரங்க மூஞ்சிய சுளிப்பாங்க, சாக்கடையைப் பத்தி பேசி யாரு ஓட்டு வாங்குனதுன்னு கேப்பாங்க, கேக்கட்டும்.

நீங்க எழுதுன ஆறு விஷயத்துல முதல் மூணும் கவுன்சிலர் கையிலயே கிடையாது. தூண்டில் வளைவு மீன்வளத்துறை சமாச்சாரம், கடலோர ஒழுங்குமுறை அனுமதி வேற வாங்கணும். வீடு அரசுத் திட்டத்துல வர்றது, பட்டா இருக்கான்னுதான் முதல்ல கேப்பாங்க. நிவாரணம் வருவாய்த்துறை, விஏஓ எழுதி தாசில்தார் கையெழுத்துப் போட்டு கலெக்டர் ஆபீஸ் போறது. இதுல நீங்க மனு எழுதலாம், கூட்டிட்டுப் போகலாம், சண்டை போடலாம், அவ்வளவுதான். ஆனா வாறுகால், தெரு, குடிதண்ணிக் குழாய், தெருவிளக்கு, குப்பை, ஊரணி இதெல்லாம் நகராட்சியோடது, மன்றக் கூட்டத்துல நீங்க கை தூக்குனா எஸ்டிமேட் போடுவாங்க, டெண்டர் விடுவாங்க. கையில இருக்கதை விட்டுட்டு இல்லாததை வாக்குறுதி குடுத்தா ரெண்டாவது மழைக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.

அந்த நவம்பர் மழைய கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாப்போம். நம்ம மாவட்டத்துல வருஷம் முழுக்கவே சராசரி 80 சென்டிமீட்டர் சொச்சம்தான், ராமேஸ்வரத்துல அன்னைக்கு ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிருச்சு. ஒரு ஏக்கர்ல 40 சென்டிமீட்டர்னா சுமார் 16 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரில அள்ளுனா 130 லாரிக்கு மேல, அதுவும் ஒரே ஒரு ஏக்கருக்கு. இந்த அளவு மழைய வந்த வேகத்துலயே கடத்துற மாதிரி வாறுகாலை எந்த நகராட்சியும் கட்டாது, கட்டவும் காசு கிடையாது. அதனால "இனி தண்ணியே தேங்காது"ன்னு மட்டும் நோட்டீஸ்ல போட்டுறாதீங்க. மூணு நாள் நின்ன தண்ணி அரை நாள்ல வடியணும்னு கேளுங்க, அது நடக்கக் கூடியது.

நம்ம தீவு மணல் பூமிதானே, தண்ணி தானா உறிஞ்சிராதான்னு கேப்பீங்க. முன்னெல்லாம் நெறய உறிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு. இப்ப லாட்ஜ் வாசல்லருந்து வீட்டு முத்தம் வரைக்கும் பேவர் பிளாக், காம்பவுண்டுக்கு மேல காம்பவுண்டு, தாழ்வா கிடந்த காலி மனையெல்லாம் மண்ணடிச்சு மேடாக்கியாச்சு. போதாக்குறைக்கு நவம்பர்ல நிலத்தடித் தண்ணி மேலயே நிக்கும், பள்ளத் தெருவுல ரெண்டு மூணு அடி தோண்டுனா ஊறுது, அதுக்கு மேல மழை விழுந்தா எங்க போயி உறிஞ்சும்? அதனாலதான் பள்ளமான தெருவுல உறிஞ்சு குழி போட்டுத் தர்றேன்னு யாராவது சொன்னா நான் நம்புறதில்ல. மேட்டுப் பகுதில போடலாம், அங்க போட்டா உங்க தெருவுக்கு வர்ற தண்ணி கொஞ்சம் குறையும்.

இப்ப ஒரு வேலை சொல்றேன், தேர்தல் அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே செய்யலாம், செலவு ஒரு கொத்தனாரோட ஒரு நாள் சம்பளம். கொத்தனாருங்க மட்டம் பாக்க வச்சிருக்காங்கல்ல தண்ணி ட்யூப், உள்ள இருக்கது தெரியுற அரை இன்ச்சு பிளாஸ்டிக் ட்யூப், அதை 20 மீட்டர் வாங்கி உள்ள காத்துக் குமிழி இல்லாம தண்ணிய ரொப்புங்க. உங்க தெருவுல எந்த வீட்டுல தண்ணி ரொம்ப ஏறுச்சோ அந்த வீட்டுச் செவுத்துல கறை இன்னும் இருக்கும், இல்லைன்னா வீட்டுக்காரம்மாவே கையை வச்சுக் காட்டும், அங்க பெயிண்ட்ல ஒரு கோடு. ட்யூபோட ஒரு முனை அந்தக் கோட்டுல, இன்னொரு முனை வாறுகால் ஓரத்துல, ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், அங்கிருந்து டேப்பை கீழ விட்டு வாறுகால் அடித்தளம் எத்தனை சென்டிமீட்டர் கீழ இருக்குன்னு நோட்டுல எழுதுங்க. அதே மட்டத்துல அங்கயும் ஒரு கோடு போட்டு, இப்படியே பதினஞ்சு பதினஞ்சு மீட்டரா நகத்திக்கிட்டு கடல்ல விழுற வாய் வரைக்கும் போங்க. 300 மீட்டர் நீள வாறுகாலுக்கு 500க்கு 1னு ரொம்ப சாதாரணமா சரிவு வச்சாலும் மொத்தம் 60 சென்டிமீட்டர் இறக்கம் வேணும். உங்க நோட்டுல அது வருதான்னு பாருங்க. பாதி இடத்துல கடல் பக்கம் உசந்தும் தெருப் பக்கம் தாழ்ந்தும் இருக்கும், கான்ட்ராக்டர் தரை எப்படிக் கிடந்துச்சோ அப்படியே காங்கிரீட்டைக் கொட்டிட்டுப் போயிருப்பாரு, தண்ணி பின்னாடி ஓடிக்கிட்டிருக்கும். அந்த நோட்டு ஒண்ணு கையில இருந்தா எந்த ஏஇயும் (உதவிப் பொறியாளர்) உங்களை "பாக்கலாம்மா"ன்னு சொல்லி அனுப்ப முடியாது.

அப்புறம் வாறுகால் வாய். கடல் வத்தமா இருக்கும்போது ஒரு தடவை, ஏத்தமா இருக்கும்போது ஒரு தடவை போயிப் பாருங்க. பாக் ஜலசந்தில ஏத்த வத்த வித்தியாசம் ஒரு மீட்டர் கூட வராது, ஆனா வாடைக்காத்து பிடிச்சு அடிக்கும்போது கடலே கரைப் பக்கம் குமிஞ்சு நிக்கும்ல, அந்த நேரம் பாத்துதான் மழையும் வரும், வாய் கடல் மட்டத்துக்குக் கீழ இருந்தா கடல் தண்ணி உள்ள ஏறும். அதுக்கு வாயில ஒரு ஷட்டர் கதவு, உள்ள தண்ணி சேருற ஒரு தொட்டி (சம்ப்பு), டீசல் இன்ஜின்ல ஓடுற பம்பு வேணும். கரண்ட் மோட்டார் வேண்டவே வேண்டாம், புயலன்னைக்கு முதல்ல கரண்டைத்தானே நிப்பாட்டுவாங்க. அந்த வாயில என்ன கிடக்குதுன்னும் பாருங்க. மணல் மேடு கட்டிருக்கும், அது மேல அத்துப்போன வலை, மீன் பொட்டி தெர்மக்கோல், தண்ணி பாட்டில், அங்கிட்டு கோயில் பக்கமிருந்து வந்த துணி வேற சுத்திக்கிடக்கும். செப்டம்பர் கடைசில ஒரு ஜேசிபி ரெண்டு மணி நேரம் வேலை. இதுக்கு பெரிய எஸ்டிமேட்டெல்லாம் தேவையில்ல, சுகாதாரப் பிரிவு வேலைலயே முடிச்சிரலாம், கேக்க ஆளில்லாம கிடக்கு.

சிமெண்ட் ரோட்டை எடுத்துருங்க. நெசமாத்தான் சொல்றேன், ரோடு வேண்டாம்னு சொல்லல, இப்ப வேண்டாம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு அரசு உத்தரவே இருக்கு, இருந்தும் மேல மேல போட்டு உசத்திருவாங்க, கடைசில வீடெல்லாம் கிண்ணம் மாதிரி உள்ள போயிரும், தெருத் தண்ணி பூரா வாசல்படி வழியா இறங்கும். முதல்ல வாறுகால் மட்டம், அதுக்கப்புறம் அந்த மட்டத்துக்கு ஏத்த மாதிரி ரோடு. இந்த வரிசைய மாத்துனா காசு ரெண்டு தடவை செலவாகும், அது யாருக்கு சந்தோஷம்னு உங்களுக்குத் தெரியும்.

ஊரணியும் தீர்த்தமும் இதுல சேர்ந்ததுதான். தீவுல தூந்துபோன தீர்த்தங்களை விவேகானந்த கேந்திரா ஆளுங்க தோண்டிச் சரிபண்ணிருக்காங்க, பாத்திருப்பீங்க, சாமி கும்பிட மட்டும் இல்லம்மா, மழைத் தண்ணிய பிடிச்சு நிப்பாட்ட நமக்கு இருக்குற தொட்டியே அதுதான். உங்க வார்டுல மண்ணு மூடுன குளம் ஏதாவது இருந்தா நமக்கு நாமே திட்டத்துல கேக்கலாம், மக்கள் பங்கு கட்டணும், மகளிர் குழு பணத்தை இதுல போடாதீங்க, லாட்ஜ்காரங்களைக் கேளுங்க, அவங்க வாசல்லயும்தானே தண்ணி நின்னுச்சு.

இதையெல்லாம் ஒத்தை ஆளா செய்ய முடியாது, அது இன்னொரு விஷயம். உங்க நகராட்சில 21 வார்டு, நீங்க ஜெயிச்சா 21ல ஒரு ஓட்டு. சேர்மனையே கவுன்சிலருங்கதான் தேர்ந்தெடுக்குறாங்க, சுயேச்சைக்கு அந்த ஒரு நாள் மவுசு ஜாஸ்தி, அந்த நேரத்துல கவரு நீட்டுவாங்க, அதுக்குப் பதிலா வாறுகாலைக் கேளுங்க. இன்னொண்ணு, உங்க தெருத் தண்ணி பக்கத்து வார்டு வழியாத்தான் கடலுக்குப் போகணும், அங்க வாறுகால் மேல கடையோ வீட்டுப் படியோ கட்டிருந்தா அதை எடுக்கச் சொல்லி நீங்க மட்டும் சொன்னா நடக்காது, அந்த வார்டு கவுன்சிலரும் சேர்ந்து சொல்லணும், அவருக்கு அது ஓட்டு போற வேலை. அதனால பக்கத்து ரெண்டு வார்டுல யாரு நிக்கிறாங்கன்னு இப்பவே விசாரிச்சு, எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, உக்காந்து பேசி ஒரே வாறுகாலை மூணு பேரும் நோட்டீஸ்ல போடுங்க. ஜெயிச்சதும் மூணு பேர் கையெழுத்துல மன்றக் கூட்டத்துல பேசுற பொருளா வந்தா அதுக்குத் தனி மரியாதை. வார்டு மக்களைக் கூட்டிப் பேசுற ஏரியா சபைய விடாதீங்க, 2022 நவம்பர் 1லருந்து நகராட்சிலயும் நடக்குது, நெறய ஊர்ல கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போயிருவாங்க, நீங்க உங்க அளவு நோட்டை அந்தக் கூட்ட மினிட்ஸ்ல ஏத்துங்க.

நிவாரணத்துக்கு வர்றேன். வாங்கித் தர்றேன்னு எழுதாதீங்க, கணக்கெடுத்து வைக்கிறேன்னு எழுதுங்க. அதிகாரி வர்ற அன்னைக்கு யாரு வீட்டுல இருந்தாங்களோ அவங்க பேரு ஏறும், கடலுக்குப் போனவன், ஆஸ்பத்திரில கிடந்தவ, ஒரே ரேஷன் கார்டுல ரெண்டு அடுப்பு வச்சிருக்க குடும்பம், வாடகைக்கு இருக்கவங்க, இவங்கதான் விட்டுப் போவாங்க. அதனால மழைக்கு முன்னாடியே தெருத் தெருவா ஒரு நோட்டு: வீடு ஓலையா, ஓடா, தகரமா, காங்கிரீட்டா, எத்தனை பேர், பட்டா இருக்கா, படகு நம்பர் என்ன, ஆடு எத்தனை. ஒவ்வொரு வீட்டுக்கும் தேதியோட ரெண்டு போட்டோ, வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணு. இதைச் செய்ய மகளிர் குழுவைவிட நல்ல ஆளு கிடையாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அரசு அறிவிச்சப்ப சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய், வலையோட சேத்து முழுசா போன கட்டுமரத்துக்கு 50,000, வல்லத்துக்கு 1 லட்சம், இயந்திரப் படகுக்கு மானியம் அதிகபட்சம் ஏழரை லட்சம்னு இருந்துச்சு. இதுல பாருங்க, படகு வச்சிருக்க ஆம்பளைக்கு வரிசை வரிசையா தொகை இருக்கு, கருவாடு காய வச்சிருந்த பொம்பளைக்கும் கடல்பாசி எடுக்குறவளுக்கும் அந்த வரிசைல இடம் எங்க? காய வச்ச கருவாடு பூரா நனைஞ்சு நாறிப் போனாலும் சேதக் கணக்குல ஒரு எழுத்து வராது. நீங்க பொம்பள, மீனவர் தெருவுல இருந்து வர்றீங்க, இதை மனுவா எழுதி மீன்வளத்துறைலயும் கலெக்டரோட திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துலயும் குடுத்து ரசீது வாங்கி வைங்க. கவுன்சிலர் ஆகாமலே செய்யலாம்.

வீடு விஷயத்துல ரொம்ப கவனமா பேசுங்க. தனுஷ்கோடி நமக்குத் தெரியாததா, 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல பாம்பன் பாலமும் போச்சு, ஊரும் போச்சு. பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாள்ல சரிபண்ணி ரயிலை ஓட்டுனாரு, ஊரை வாழத் தகுதியில்லாத இடம்னு அறிவிச்சுட்டாங்க. அறிவிச்சும் என்ன, மீன் அங்கதானே இருக்கு, இன்னைக்கும் அங்க குடிசை போட்டுத் தொழில் பாக்குற குடும்பங்க இருக்கு. சுனாமிக்கு அப்புறம் 2005 மார்ச்ல வந்த அரசாணை 172 என்ன சொல்லுச்சுன்னா, கடல்லருந்து 200 மீட்டருக்குள்ள இருக்கவங்க அதைத் தாண்டி வந்தா புது வீடு, பழைய இடத்தை அரசுக்கு விட்டுக் கொடுத்துறணும், வரமாட்டேன்னா சொந்த காசுல ரிப்பேர் பண்ணிக்க, உதவி கிடையாது. அதனால "எல்லாருக்கும் காங்கிரீட் வீடு"ன்னு நீங்க மேடைல பேசும்போது கேக்குறவங்க மனசுல இப்ப இருக்குற இடத்துலயே வீடுன்னு நினைப்பாங்க, ஆபீஸ்ல ஃபைல் நகரும்போது அது ஊருக்கு வெளிய எங்கயோ ஒரு காலனியா மாறிரும், படகு இங்க, வலை இங்க, வீடு அங்க. அந்த வாக்குறுதிய எடுத்துட்டு, "பட்டா இல்லாத வீடுகளோட பட்டியலைத் தயார் பண்ணுவேன், தெருக்காரங்க சம்மதம் இல்லாம இடம் மாத்துற எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்க மாட்டேன்"னு போடுங்க. படகு இழுத்துப் போடுற இடம், வலை காயப் போடுற இடம் எல்லாம் கடலோர வரைபடத்துல குறிச்சிருக்கான்னும் பாருங்க, 2011ல வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைலயே மீனவ கிராமங்களையும் அவங்க பொது இடங்களையும் குறிக்கணும்னு இருந்துச்சு, குறிக்கலைன்னா நாளைக்கு அது ரிசார்ட் வாசலாயிரும்.

தூண்டில் வளைவு கேக்குறதை விடச் சொன்னா உங்க தெருவுல என்னை அடிக்க வருவாங்க. ஆனா உண்மை இதுதான், கல்லு கொட்டுனா ஒரு பக்கம் மணல் சேரும், அந்தாண்ட பக்கம் கரையை அரிக்கும், அந்தாண்ட இருக்கதும் நம்ம சொந்தக்காரங்க தெருதான். அதை இன்ஜினியருங்க மணல் எந்த மாசம் எங்கிட்டு நகருதுன்னு பாத்துதான் முடிவு பண்ணணும், வாடைக்காத்துக்கு ஒரு பக்கம், கச்சான் காத்துக்கு (தென்மேற்குக் காத்து) ஒரு பக்கம்னு மணல் நகருற கரை இது. "ஆய்வு பண்ணச் சொல்லி மன்றத்துல தீர்மானம் கொண்டு வருவேன்"னு வேணா எழுதிக்கங்க, அதுவரைக்கும் உங்களால முடியும்.

ஹைமாஸ் லைட்டு, போடுங்க, தப்பில்ல, கடைசில போடுங்க. சமுதாயக் கூடத்தை மட்டும் கொஞ்சம் மாத்துங்க. தனியா கூடம் கேக்குறதுக்கு முன்னாடி, மழையன்னைக்கு உங்க தெரு சனம் போயித் தங்குற ஸ்கூலோ புயல் பாதுகாப்பு மையமோ எது, அதுக்குச் சாவி யாருகிட்ட இருக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ஆளு போனை எடுப்பாரா, பொம்பளைங்களுக்கு கக்கூஸ் எத்தனை, கதவுல தாழ்ப்பா இருக்கா, இதைப் பாருங்க. தாழ்ப்பா இல்லைங்குற ஒரே காரணத்துக்காக வயசுப் பொண்ணை வச்சிருக்க ஆத்தாக்காரி இடுப்பளவு தண்ணிலயும் வீட்டை விட்டு வரமாட்டா. இதுக்கு கோடி ரூபா வேணுமா?

லிஸ்ட்ல இல்லாதது ஒண்ணு, குடிதண்ணி. காவிரி கூட்டுக் குடிநீர் பைப்பு பல தெருவுல வாறுகாலுக்குள்ளயே ஓடுது, தண்ணி விடாத நேரத்துல பைப்பு உள்ள அழுத்தம் இல்லாம ஓட்டை வழியா சாக்கடைய இழுக்கும். வெள்ளம் வடிஞ்ச ஒரு வாரத்துல பிள்ளைங்களுக்கு வயித்தால போறது இதனாலதான். கடைசி வீட்டுக் குழாய்ல குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும், பாக்குறதுக்கு நகராட்சிகிட்ட குளோராஸ்கோப்னு ஒரு சின்னக் கருவி இருக்கும், கேட்டு வாங்கி நீங்களே பாருங்க. வாறுகால் வேலை எடுக்கும்போதே பைப்பை வெளிய தூக்கிப் போடச் சொல்லி அதே எஸ்டிமேட்ல சேத்துருங்க, பின்னாடின்னா திரும்ப தோண்டுவாங்க.

ஆக உங்க நோட்டீஸ்ல வாறுகாலும் அதோட வாயும், அப்புறம் பைப்பு, அப்புறம் பாதுகாப்பு மையம், அப்புறம் கணக்கெடுப்பு, பட்டா பட்டியல், கடைசில லைட்டு. உங்க போட்டோ போட்ட அரிசிப் பை மட்டும் குடுக்காதீங்க, அறிவிப்பு வந்துட்டா நடத்தை விதில மாட்டுவீங்க. ஜெயிச்சா முதல் மழை அக்டோபர்ல வந்து நிக்கும், ஒரு வாறுகால் எஸ்டிமேட், டெண்டர், வேலைன்னு முடிய மாசக்கணக்குல ஆகும், அதனால முதல் மன்றக் கூட்டத்துலயே அந்தத் தீர்மானம் வரணும். ட்யூப் வச்சு அளந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, எந்த இடத்துல மட்டம் தப்புதுன்னு நான் குறிச்சு அனுப்புறேன், எஸ்டிமேட் போடுற ஏஇகிட்ட என்ன கேக்கணும்னும் எழுதித் தர்றேன்.